சர்கித் பையில் போன டேப்

பயப்படுவதே தோர்கினுக்கு ஒரு வேலையாக வாய்த்திருந்தது. கரகந்தா நகரத்தின் நில அளவை அலுவலகத்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இரும்புக்கதவு அறை அவள் பொறுப்பு. எந்தக் குன்று என்ன உயரம், எந்தப் பாலம் எவ்வளவு எடை தாங்கும், எந்த ரயில்பாதை எங்கே பிரிந்து பெயர் சொல்லாத ஊருக்குப் போகிறது என்பதெல்லாம் அந்த அறையில்தான் இருந்தன. முன்பு காகிதச் சுருள்களாக இருந்தவை இப்போது டேப்புகளாகிவிட்டன. கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்வதற்காக வாராவாரம் நகலெடுத்து அடுக்கிய, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய சாம்பல்நிறச் சதுரப் பெட்டிகள். உள்ளே இருப்பதைப் பார்க்க அவளுக்கு அனுமதி கிடையாது. ரகசியம் என்னவென்று தெரியாது, அதன் கனம் மட்டும் கைக்குத் தெரியும்.

சாயங்காலம் கதவைப் பூட்டியதும், நிலையில் பதித்திருக்கும் சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் களிமண் போன்ற மெழுகை அப்பி, நூலை அதில் கிடத்தி, தன் முத்திரையை அழுத்துவாள். காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். அது ஒருநாளும் உடைந்திருந்ததில்லை. இருந்தும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்த பிறகுதான் நூலை அறுப்பாள். ரயிலில் ரகசியக் கோப்பு ஒன்றை மறந்துவிட்டு இறங்கிய வேறு ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு அவர் பெயரை அலுவலகத்தில் யாரும் உச்சரித்ததில்லை.

“அடுப்பை அணைச்சுட்டு அதுக்கும் ஒரு முத்திரை குத்திடேன், நிம்மதியாத் தூங்கலாம்” என்பான் அவள் கணவன் ஒராஸ். பஸ் டிப்போவில் மெக்கானிக். தொலைந்த ஸ்பேனருக்காக ஒருநாளும் கவலைப்படாத ஜன்மம். தோர்கின் சிரித்துவைப்பாள். வாசல் மணி அடித்தால் முதலில் ரேடியோவை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் கதவைத் திறக்கப் போகிற அம்மாவிடம் வளர்ந்தவள் அவள். ஏன் என்று அம்மா சொன்னதில்லை. கேட்கவேண்டும் என்று அவளுக்கும் தோன்றியதில்லை.

ஆயுள் முடிந்த டேப்பை அப்படியே குப்பையில் போட்டுவிட முடியாது. மூன்று பேர் கூடிநின்று, நிலவறையில் இருக்கும் காந்த எந்திரத்தில் அழித்து, பக்கத்து எந்திரத்தில் பொடியாக அரைத்து, பொடியைப் பையில் கட்டி முத்திரை வைக்கவேண்டும். கண்ணால் பார்த்தோம் என்று மூவரும் கையெழுத்துப் போடவேண்டும். அந்த மூவரில் ஒருத்தி தோர்கின். இன்னொருவர் பாதுகாப்பு அதிகாரி முசாபெக் கைரொவிச். மூன்றாமவர் வரைபடப் பிரிவின் கப்தேஷ்; வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் ‘அகா’, அண்ணன்.

கப்தேஷ் ஓய்வுபெறுகிற வெள்ளிக்கிழமை அது. மறுநாளிலிருந்து அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அழிக்கவேண்டிய டேப் ஒன்று மிச்சம் இருந்தது. நிலவறையிலோ கரண்ட் இல்லை, வயரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே சாப்பாட்டுக் கூடத்திலிருந்து குதிரை இறைச்சி வேகிற வாசனை படியிறங்கி வந்துகொண்டிருந்தது.

“கையெழுத்த இப்பவே போட்டுடுவோம்” என்றார் முசாபெக் கைரொவிச். “கரண்ட் வந்ததும் நீ போய் அரைச்சுடு. விருந்து நாள்ல அகாவை நிலவறைக்கு இழுத்துட்டுப் போறது மரியாதையா இருக்குமா?”

“பார்க்காம எப்படி...” என்றாள் தோர்கின்.

“ஏன், இதோ டேப். பார்த்தியா? நானும் பார்த்தேன். அகா, நீங்க?”

“நல்லாப் பார்த்தேன். அழகா இருக்கு” என்றார் கப்தேஷ், கோட்டில் செருகியிருந்த பூவைச் சரிசெய்தபடி.

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். டேப்பைத் திரும்ப அறையில் வைக்கலாம் என்றால், முசாபெக் கைரொவிச் விருந்துக்காகச் சீக்கிரமே முத்திரை போடச் சொல்லியிருந்தார். “திரும்பத் திறந்தா ஏன்னு விளக்கம் எழுதணும். மடியில வச்சுக்கோ. எங்க ஓடிடப் போகுது?” தோர்கின் அதை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கூடத்துக்கு எடுத்துப் போய், நாற்காலிக்குக் கீழே வைத்து, குதிகாலால் தொட்டுக்கொண்டே சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று பிறகு அவளுக்கு ஞாபகமில்லை.

கடைசியில் எல்லோரும் எழுந்து உள்ளங்கைகளை விரித்து ஆசி கேட்டார்கள், போட்டோவுக்கு நின்றார்கள். நாற்காலிகள் இழுபட்டன. கப்தேஷின் அக்கா பாத்தெஸ் கிழவி பரிமாற வந்திருந்தாள். மிச்ச இறைச்சி, எண்ணெயில் பொரித்த பாவுர்சாக் மாவுருண்டைகள், மிட்டாய் எல்லாவற்றையும் அதே மாதிரிக் கறுப்புப் பைகளில் கட்டி ஆளுக்கொன்றாகத் திணித்துக்கொண்டிருந்தாள். “சர்கித் வாங்காம எவனாவது வாசலைத் தாண்டினான், காலை ஒடிச்சுடுவேன்!” வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் விருந்தின் சர்கித்தை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என்ன வைத்தாய் என்றும் கேட்கமாட்டார்கள்.

நாற்காலிக்குக் கீழே கிடந்த கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு இறங்கியபோது, நிலவறையில் கரண்ட் வந்திருந்தது. தோர்கின் எந்திரத்தை ஓடவிட்டுவிட்டுப் பையைப் பிரித்தாள். உள்ளே பாவுர்சாக் இருந்தது. நாலைந்து உருண்டை, ஒரு துண்டு கொழுப்பு இறைச்சி, காகிதத்தில் சுற்றிய மிட்டாய். எந்திரம் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அவள் பையைக் கவிழ்த்து உதறினாள். பிறகு, பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே, ஒரு உருண்டையைப் பிட்டுப் பார்த்தாள்.

மேலே ஓடியபோது கூடத்தில் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு அவளால் முடிந்தது போன் பண்ணுவது மட்டும்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரைசாவிடம் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல், “சர்கித்ல உனக்கு என்ன வந்துது?” என்று கேட்டுவிட்டாள்.

எதிர்முனையில் ரைசா எதையோ மென்று விழுங்கினாள். பிறகு சிரிப்பு. “ஏண்டி, உனக்கு இறைச்சி கம்மியாப் போச்சா? இதைப் போய் வீடு வீடாக் கேட்டுட்டு இருக்கியா? ஒராஸ் சோறு போடறதில்லையா?”

“இல்ல, சும்மா...”

“எனக்கு நாக்கு வந்துது. போதுமா? வேணும்னா வந்து வாங்கிக்கோ.”

மற்றவர்களும் அப்படித்தான் சிரித்தார்கள். யார் பையிலும் இறைச்சியைத் தவிர வேறெதுவும் இல்லை. தொலைந்தது என்னவென்று சொன்னால் அதுவே குற்றம். சொல்லாமல் தேடினால் இறைச்சிக்கு அலைகிறவள். காகிதத்தில் அந்த டேப் செத்துப்போய்விட்டது, மூன்று கையெழுத்து அதற்குச் சாட்சி. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. செத்ததாக எழுதிய ஒன்று எங்கோ உயிரோடு நடமாடுகிறது. யாராவது அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தால் அவள் ஜெயிலுக்குப் போவாள். கப்தேஷுக்கு, தொடங்குவதற்கு முன்பே பென்ஷன் முடிந்துவிடும்.

சனிக்கிழமை காலை கப்தேஷ் வீட்டுக்குப் போனாள். உள்ளே சொந்தக்காரர்களின் கூச்சல். அவரை வாசலுக்குக் கூப்பிட்டு, “அகா, அந்த டேப் சர்கித்தோட போயிடுச்சு” என்றாள். வேறு மாதிரி சொல்லத்தான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தாள்.

கப்தேஷின் முகத்திலிருந்து விருந்து வடிந்துபோயிற்று. கதவைத் தனக்குப் பின்னால் மெல்லச் சாத்தினார். “முசாபெக்குக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“மிச்சம் இருந்த பையெல்லாம் அக்காதான் அள்ளிட்டுப் போனா. கால்வாய்க்கரைத் தோட்டத்துக்கு. அங்க போன் கிடையாது.” அவர் அவள் கையைப் பிடித்தார். அவர் கைதான் குளிர்ந்திருந்தது. “நான் வந்தா இந்தக் கூட்டமே பின்னால வரும். நீ போம்மா. பேரப்பிள்ளைங்க முன்னாடி என்னைக் கேவலப்படுத்திடாத.”

உள்ளேயிருந்து யாரோ, “அகா, வாசல்லயே நின்னா எப்படி, அந்தப் பொண்ணை ஒரு துண்டு ரொட்டியாவது கடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க!” என்று கத்தினார்கள். அவள் அதற்குள் படியிறங்கியிருந்தாள்.

கால்வாய்க்கரைத் தோட்டங்கள் ஊருக்கு வெளியே வரிசையாகக் கிடக்கும். ஆளுக்கொரு துண்டு நிலம், ஒரு பலகை வீடு, ஒரு குளியல் கொட்டகை. ஜூன் கடைசி. பாப்ளார் பஞ்சு புழுதியோடு சேர்ந்து உருண்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி வேலிகளுக்கு நடுவே நடந்தவள், தூரத்தில் ஏதோ பளிச்பளிச்சென்று மின்னுவதைப் பார்த்தாள். தண்ணீர் என்று நினைத்தாள். பிறகு அது உறுமியது.

ஸ்ட்ராபெர்ரிப் பாத்திகளுக்கு மேலே, குச்சிக்குக் குச்சி, கறுத்த நாடா இழுத்துக் கட்டியிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் அது முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் வெயிலை உமிழ்ந்தது, தேனீக்கூட்டம் போல் அதிர்ந்தது. குன்றுகளும் பாலங்களும் பெயரில்லாத ஊர்களும் திறந்தவெளியில் உறுமிக்கொண்டிருந்தன. தோர்கின் குச்சிகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டாள். வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

“வா வா, ஐனலாயின், என் கண்ணு!” என்று பாத்திக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தாள் பாத்தெஸ். “தம்பி ஆபீஸ் பொண்ணுதானே நீ? பார்த்தியா என் வேலைய? நேத்திலேர்ந்து ஒரு சூறைக்குருவி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல!”

“அபாய், பெரியம்மா... இது எங்க கிடைச்சுது?”

“சர்கித்ல! போன வருஷமே கப்தேஷ்கிட்ட கேட்டிருந்தேன், பழைய கேசட் இருந்தா கொடுடா, பழத்தையெல்லாம் குருவி தின்னுட்டுப் போகுதுன்னு. வாயத் தொறந்து சொல்லாம பையில வச்சு அனுப்பிட்டான், கள்ளன். சுத்தியால ஒரே போடு. நாடா வருது, வருது, தீரவே மாட்டேங்குது! தெருவுக்கே கொடுத்தேன். அதோ லீடா தோட்டம், அதுக்கும் அந்தாண்ட, கால்வாய் வரைக்கும்.”

தோர்கின் திரும்பிப் பார்த்தாள். தெரு முழுக்க மின்னியது.

அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்ததை அவள் யோசித்துச் சொல்லவில்லை. பயம்தான் அவளுக்காகப் பேசியது. “அபாய், அதுல விஷம் இருக்கு. மேல பூசியிருக்கிற மருந்து. மழை பட்டா பழத்துல இறங்கிடும். உடனே எல்லாத்தையும் கழட்டி எங்கிட்ட கொடுக்கணும். துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது.”

பாத்தெஸ் கையிலிருந்த பழத்தைக் கீழே போட்டாள். பாவாடையில் விரல்களைத் துடைத்தாள். பிறகு வேலியோரம் போய் இந்த வயதில் இப்படியும் கத்தமுடியுமா என்று தோன்றும்படி கத்தினாள்: “லீடா! அடி லீடா! கழட்டு, கழட்டு! விஷமாம்!”

செய்தி தோர்கினைவிட வேகமாக ஓடியது. அரை மணியில் தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்கள் கையில் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு நாடாவைப் பிய்த்தார்கள். பந்து பந்தாகக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டார்கள். எப்போதோ கட்டிய பாட்டுக் கேசட் நாடா, வீடியோ நாடா எல்லாம் அதில் சேர்ந்தே வந்தன. எது எது என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. “இதுவுமா விஷம்?” என்று யாராவது கேட்டால், “இதுவும்” என்றாள். ஒருத்தி குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அடுத்த தோட்டத்து லீடா கார்லொவ்னாவைப் பார்த்தாள். மெலிந்த, உயரமான ஜெர்மன்காரக் கிழவி. நாளைச் சந்தைக்காகப் பறித்து நிரப்பிய வாளிகளை ஒவ்வொன்றாகக் குப்பைக்குழியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை. இப்படி நடக்கும் என்று எப்போதுமே தெரிந்திருந்த மாதிரி, வாளியின் அடியைத் தட்டித்தட்டிக் கொட்டினாள்.

“வேணாம்!” என்றாள் தோர்கின்.

கிழவி கேட்காதவள் போல அடுத்த வாளியைத் தூக்கினாள்.

தோர்கின் குழிக்குள் இறங்கினாள். உருளைக்கிழங்குத் தோலுக்கும் சாம்பலுக்கும் மேலே கிடந்த பழங்களை இரண்டு கையாலும் அள்ளி வாயில் திணித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. மென்று விழுங்கிவிட்டு, மறுபடி அள்ளித் தின்றாள். மேலே பெண்கள் வட்டமாக வந்து நின்றார்கள்.

“விஷம் இல்ல” என்றாள், வாய் நிறையப் பழத்தோடு. “பொய் சொன்னேன். அது ஆபீஸோடது. வெளிய வரக் கூடாதது. முழுசாக் கிடைக்கலன்னா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

சொன்னபிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. இதோடு அவள் கதை முடிந்தது. இத்தனை பேருக்கு வாய் இருக்கிறது. பஸ் இருக்கிறது, போன் இருக்கிறது.

கூட்டிட்டுப் போயிடுவாங்க என்ற சொல்லுக்கு அந்த ஊரில் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. அங்கே பாதிக் குடும்பங்கள், ஒரு காலத்தில் அரசாங்கம் சொந்த ஊரிலிருந்து பிடுங்கிக் கூட்டிக்கொண்டு வந்து ஸ்தெப்பிப் புல்வெளியில் இறக்கிவிட்டவர்களின் பிள்ளைகள். லீடா கார்லொவ்னா வாளியைக் கீழே வைத்தாள். போய்த் தெருவாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குழந்தை வைத்திருந்தவள் அதன் வாயைத் துடைத்து, தூக்கி உள்ளே கொண்டுபோனாள்.

அதன் பிறகு சத்தமில்லாமல் வேலை நடந்தது. முன்பு நாடாவைப் பிய்த்துக் கொண்டுவந்தவர்கள் இப்போது ஒரு துணுக்குகூட விடாமல் தேடினார்கள். பாத்திகளில் மண்டியிட்டார்கள். நீண்ட கழியில் வளைந்த ஆணியைக் கட்டி பாப்ளார் கிளைகளிலிருந்து இழுத்தார்கள். கிணற்று வாளிக் கயிற்றில் யாரோ முடிந்துவைத்திருந்த ஒரு முழத்தைக்கூட அறுத்துக் கொண்டுவந்தார்கள். ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடாமலே வேலை செய்தார்கள். தோர்கின் நிமிர்ந்து பார்த்தாள். அவள் இத்தனை வருஷம் தனியாக வைத்திருந்த பயம் இப்போது தெரு முழுக்கக் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது.

பாத்தெஸ் மட்டும் மெல்லக் கேட்டாள். “தம்பியோட பென்ஷன்...?”

“யாரும் வாய தொறக்கலன்னா வரும், அபாய்.”

“நான்தானே சுத்தியால போட்டேன்” என்றாள் பாத்தெஸ். “என்னையும் கேப்பாங்களா?”

லீடா கார்லொவ்னாவின் குளியல் கொட்டகை அடுப்பில் எல்லாவற்றையும் திணித்தார்கள். நாடா எரியாமல் முதலில் சுருண்டது, நெளிந்தது, பிறகு உருகிச் சொட்டியது. குடைந்தெடுக்கும் நாற்றம், தார் போன்ற கறுப்புப் புகை. பாட்டும் பாலமும் ஒன்றாக எரிந்தன. உடைந்த பெட்டியை மண்வெட்டியால் நொறுக்கி அதையும் போட்டார்கள். அடுப்பு ஆறியதும், கறுத்த கட்டியும் சாம்பலுமாக ஒரு ஜாடி நிறையத் தோர்கின் வழித்தெடுத்தாள். எல்லாம் வந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரியாது. காற்று எவ்வளவைக் கால்வாய்க்குக் கொண்டுபோயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை முசாபெக் கைரொவிச் அறைக்குக் கூப்பிட்டார். “அந்த டேப்போட பொடி எங்க? பையில முத்திரை வைக்கணுமே.”

தோர்கின் ஜாடியை மேஜைமேல் வைத்தாள்.

அவர் மூடியைத் திறந்தார். நாற்றம் அறையில் பரவியது. உள்ளே எட்டிப் பார்த்தார். காந்த எந்திரத்தில் அழிந்து, பிறகு அரைபட்ட டேப் சாம்பல்நிறப் பொடியாக வரும், இப்படி உருகிய கட்டியாக வராது. அது அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நிமிர்ந்து அவளைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். அங்கேதான் அவருடைய கையெழுத்தும் இருந்தது. அவர் நெற்றியில் வேர்வை துளிர்ப்பதைத் தோர்கின் முதல்முறையாகப் பார்த்தாள்.

“எந்திரம் ரொம்பச் சூடாயிடுச்சுபோல” என்றார் கடைசியில்.

“ஆமாம், முசாபெக் கைரொவிச்.”

“பழைய எந்திரம்.”

“ஆமாம்.”

“யாராவது...” என்று தொடங்கி நிறுத்தினார். மூடியை இறுக்கித் திருகினார். மெழுகை அப்பும்போது அது விரலில் ஒட்டிக்கொண்டு வரமறுத்தது. இரண்டாம் முறை முத்திரையை அழுத்திவிட்டு, “போய் வேலையப் பாரு” என்றார். அன்றிலிருந்து அவர் அவளை ஏளனமாகப் பேசியதே இல்லை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். கப்தேஷுக்குப் பென்ஷன் வந்தது. அவர் ஒருமுறை போன் பண்ணி, வானிலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை, ஒராஸிடம் சந்தைக்கு என்று சொல்லிவிட்டு, தோர்கின் கால்வாய்க்கரைக்குப் போனாள். எங்காவது ஒரு துணுக்கு மாட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடலாம் என்றுதான் போனாள்.

வேலிகளுக்கு நடுவே எதுவும் மின்னவில்லை. நாடாவை மட்டுமல்ல, குச்சிகளில் கட்டியிருந்த தகர டப்பாக்களை, கந்தல் துணிகளை, பழைய கண்ணாடித் துண்டுகளை, காற்றில் அசையக்கூடிய எல்லாவற்றையுமே கழற்றியிருந்தார்கள். பாத்திகளில் சூறைக்குருவிகள் இறங்கியிருந்தன. ரோஜா நிற வயிறுகள் இலைகளுக்கு நடுவே குதித்தன. அலகுகள் சிவந்திருந்தன. லீடா கார்லொவ்னா ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோர்கினையும் பார்த்தாள். தெரிந்தவளைப் பார்த்த அடையாளம் எதுவும் முகத்தில் இல்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

தோர்கின் கொஞ்ச நேரம் வேலிக்கு வெளியே நின்றாள். பிறகு தலைத்துணியை அவிழ்த்து, வேலியைத் தாண்டி இறங்கி, அடுத்தவர் தோட்டத்துக்குள் ஓடினாள். “ஷூ! ஷூ!” என்று துணியைச் சுழற்றிக்கொண்டு பாத்திக்குப் பாத்தி ஓடினாள். குருவிகள் ஒன்றாக எழும்பி, ஒரு வட்டம் அடித்து, அவள் முதுகுக்குப் பின்னால் மறுபடி இறங்கின.